ஐந்தாம் அத்தியாயம்: பட்டையைத் தொடுமுன் நூல் பிடியுங்கள்

லோடு ஏற்றினால் பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்கிறது. வளைவில் வால் வீசுகிறது. நேர்சாலையில்கூட ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது. இந்த மூன்றில் எதைச் சொல்லிப் பட்டறையில் விட்டாலும் பெரும்பாலும் ஒரே மருந்துதான் கிடைக்கும்: "ஒரு பட்டை கூடச் சேர்த்துக் கட்டிருவோம், அண்ணாச்சி." சாய்வு அன்றைக்கே குறைந்துவிடுவதால் இந்த மருந்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் வால் வீசுவது குறைவதில்லை. சில வண்டிகளில் கூடியும் விடுகிறது. பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கை, எடை தாங்கும் இரும்பு என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். பின் சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து உருளவேண்டும் என்று பின் அச்சின் கூடான ஹவுசிங்கைப் பிடித்து நிறுத்தும் கையும் அதே பட்டைதான். ஆகவே முதலில் ஹவுசிங்கின் திசை, அடுத்து பின்பக்கத்தின் உயரம், கடைசியாகத்தான் பட்டையின் விறைப்பு என்ற வரிசையில் வேலை செய்யவேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வரிசையைத் தலைகீழாக்கினால் ஒரு கோளாறை மறைக்க இன்னொரு கோளாறைப் பூட்டியதாகிவிடும்.

பட்டைக்கு எத்தனை வேலை என்று பார்த்தால் இது விளங்கும். குட்டி யானை, பிக்கப், தோஸ்த் என்று நம் பக்கம் ஓடும் சின்ன லோடு வண்டிகளில் பின் ஹவுசிங்கை இரண்டு பட்டைக் கட்டுகள் பிடித்து நிற்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் மெயின் பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அந்த வளையத்தைக் கண் என்று வைத்துக்கொள்வோம். முன் கண் சேஸிஸில் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். பின் கண் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கி முன்னும் பின்னும் ஆடும். என்ஜினின் சுழற்சி சக்கரத்தைத் தள்ள, சக்கரம் ஹவுசிங்கைத் தள்ள, ஹவுசிங் வண்டியைத் தள்ளுவது அந்த முன் கண் வழியாகத்தான். இந்த அமைப்புக்கு ஹாட்ச்கிஸ் முறை என்று பெயர். எடை தாங்குவது, முன்னே தள்ளுவது, பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் தன் அச்சிலேயே திருகிக்கொள்ளாமல் அடக்குவது என்று நான்கு வேலைகளையும் ஒரே இரும்பு செய்கிறது. 1804-ல் இங்கிலாந்தில் ஒபடையா எலியட் குதிரை வண்டிக்கு நீள்வட்டப் பட்டையைக் கொண்டுவந்தபோது அதற்கு எடை தாங்கும் வேலைதான் முதன்மை. என்ஜின் வந்தபிறகு மற்ற வேலைகளும் அதன் தலையில் ஏறின.

அமெரிக்காவில் களிமண் வட்டத்தடத்தில் ஓடும் பந்தயக் கார்களில் இந்த நான்கு வேலைகளையும் நான்கு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எடையைச் சுருள் ஸ்பிரிங் தாங்குகிறது. முன்னே தள்ளுவதற்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு கம்பிகள். பக்கவாட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பி. திருகலுக்குத் தனியாக ஒரு கை. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் மரை வெட்டியிருக்கும், சேஸிஸில் பூட்டும் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு துளை மேலே மாற்றினால் கார் வளைவில் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். இடப்பக்கக் கம்பிகளின் முன்முனையை உயர்த்திப் பூட்டினால், இடது வளைவில் உடல் வலப்பக்கம் சாய்ந்து இடப்பக்கம் எழும்பும்போது இடது பின் சக்கரம் முன்னே நகரும். ஹவுசிங் மொத்தமும் சற்றே வலப்பக்கம் திரும்பிக்கொள்ளும், காரின் வால் வெளியே போகும். வழுக்கும் களிமண்ணில் மூக்கை உள்ளே திருப்ப அவர்களுக்கு அது வேண்டும். பின் ஹவுசிங்கும் வண்டியைத் திருப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மரையும் துளையும் வைத்து அளந்து திருப்பியே காட்டுகிறார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வது நம் வண்டியில் கேட்காமலே நடக்கிறது. அவர்கள் கார் இடப்பக்கம் மட்டும் திரும்புகிறது, ஒரே தடத்தில் ஓடுகிறது, வால் வீசும் என்று தெரிந்தே ஒருவர் ஓட்டுகிறார். நம் வண்டி இருபுறமும் திரும்பவேண்டும், ராத்திரியில் ஓடவேண்டும், பின்னால் சரக்கு இருக்கிறது.

அது பந்தயக் கார், இது பட்டை வண்டி, இரண்டுக்கும் என்ன ஒட்டு என்று கேட்கலாம். முன்னும் பின்னும் பட்டையிலேயே நின்ற மாருதி ஜிப்ஸி, இந்திய ராலிகளின் மண்பாதைகளில் பல ஆண்டுகள் ஓடிய வண்டி. 1985-ல் வந்த அந்த வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள் பட்டையை வெறும் தாங்கியாக நினைத்திருந்தால் மண்ணில் அதை நேராக ஓட்டியிருக்க முடியாது. கம்பியாக இருந்தாலும் பட்டையாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. கம்பியில் கண்ணுக்குத் தெரிகிறது, பட்டையில் ஒளிந்திருக்கிறது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்தக் கணக்குக்குக் கூடுதல் அவசியம் உண்டு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததில் தொடங்கி, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று இந்த ஊர்களின் மூன்று தொழில்களும் சரக்கு வண்டியை நம்பியே நிற்கின்றன. பட்டாசு ஆலைகள் ஊரை விட்டு விலகியிருக்கவேண்டும், அறைகளுக்கு நடுவிலும் இடைவெளி வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் பல ஆலைகள் கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே மண்பாதைதான். கரிசல் மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பாளமாக வெடிக்கும். ஆகவே பாதையின் இரண்டு சக்கரத் தடங்களும் ஒரே மட்டத்தில் நிற்பதே இல்லை. ஒருபக்கச் சக்கரம் பள்ளத்திலும் மறுபக்கச் சக்கரம் மேட்டிலும் போவதுதான் இங்கே வழக்கமான ஓட்டம். தீபாவளிச் சரக்கு உச்சத்தில் இருக்கும் அக்டோபரிலேயே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். நனைந்த கரிசலில் டயருக்குப் பிடிப்பே இராது. சரக்கும் ஒரே மாதிரி இல்லை. காலித் தீப்பெட்டியும் காகிதக் குழாயும் ஏற்றினால் தார்ப்பாய் உயரத்துக்கு அடுக்கியும் எடை ஏறாது. அடுத்த நாள் அதே வண்டி அச்சகத்துக்குக் காகித ரீம் ஏற்றும்போது பாதி உயரத்திலேயே முழு எடையும் வந்துவிடும். முதல் நாள் பட்டை வில்லாக வளைந்தே நிற்கும், இரண்டாம் நாள் கிட்டத்தட்ட நேராகிவிடும். பின் ஹவுசிங் இந்த இரண்டு நாளிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். முன் கண்ணிலிருந்து, ஹவுசிங் மேல் பட்டையின் இடத்தைக் காட்டும் சென்டர் போல்ட் வரை பட்டையின் நீளம் 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பட்டை வளைந்து நிமிரும் இரும்பு என்பதால் ஹவுசிங் சுற்றும் வட்டத்தின் ஆரம் அந்த முழு நீளம் அல்ல, ஏறத்தாழ அதில் முக்கால் பங்கு. அதாவது 375 மி.மீ. மெயின் பட்டையின் நடுப்பகுதி முன் கண்ணைவிட 80 மி.மீ. கீழே தொங்குகிறது, அதாவது பட்டை நன்றாக வில்லாக நிற்கிறது என்று கொள்ளுங்கள். இப்போது ஒருபக்கச் சக்கரம் மேட்டில் ஏறி அந்தப் பக்கப் பட்டை 40 மி.மீ. அமுங்குகிறது, மறுபக்கம் 40 மி.மீ. தொங்குகிறது. அமுங்கிய பக்கத்தில் கண்ணுக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள கிடைத்தூரம் 373 மி.மீ., தொங்கிய பக்கத்தில் 355 மி.மீ. ஒருபக்கம் பின்னே தள்ளி, மறுபக்கம் முன்னே இழுத்து, ஹவுசிங் கிட்டத்தட்ட 18 மி.மீ. கோணிக்கொள்கிறது. இரண்டு பட்டைகளுக்கும் நடுவே 900 மி.மீ. இருந்தால் அது ஒரு டிகிரிக்குச் சற்று மேல். ஒரு டிகிரிதானே என்று விட்டுவிடக் கூடாது. முன் சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டீயரிங்கை 18 டிகிரி திருப்பவேண்டிய வண்டியாக இருந்தால், டிரைவருக்குத் தெரியாமல் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை 18 டிகிரி திருப்பியதற்கு இது சமம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை, ஒருதரம் இடப்பக்கம், ஒருதரம் வலப்பக்கம். இதே கணக்கைப் பட்டையின் நடுப்பகுதி 20 மி.மீ. மட்டுமே கீழே இருக்கும் நிலைக்குப் போட்டால் கோணல் 18-லிருந்து 4 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. முன் கண்ணும் நடுப்பகுதியும் சரியாக ஒரே மட்டத்தில் இருந்தால் இருபக்கமும் சமமாக நகரும், கோணல் இல்லை. நடுப்பகுதி கண்ணைவிட மேலே போய்விட்டால் கோணல் எதிர்த்திசையில் வரும். வண்டி வளைவில் திரும்ப மறுக்கும், ஆனால் வால் வீசாது. பட்டையின் விறைப்பு எவ்வளவு என்ற எண் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. வந்ததெல்லாம் உயரம்தான்.

பட்டை சேர்ப்பதை ஆதரிப்பவர்களிடம் இங்கே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. பட்டை சேர்த்தால் சாய்வு குறைகிறது, சாய்வு குறைந்தால் கோணலும் குறையத்தானே வேண்டும்? உயரம் மாறாமல் விறைப்பு மட்டும் கூடினால் அவர்கள் சொல்வது சரி. பட்டறையில் நடப்பது அதுவல்ல. புதுப் பட்டையை நல்ல வில்லாக அடித்து வளைத்துத்தான் கட்டில் சேர்க்கிறார்கள். கட்டு முழுவதும் கூடுதலாக வளைந்து பின்பக்கம் எழும்பிவிடுகிறது. எழும்பியதைப் பார்த்து உரிமையாளரும் திருப்தியடைகிறார். முன்பு நடுப்பகுதி 40 மி.மீ. கீழே இருந்து, இருபக்கமும் 40 மி.மீ. ஆடிய வண்டியில் கோணல் எட்டரை மி.மீ. பட்டை சேர்த்தபின் ஆட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து 27 மி.மீ. ஆனது, ஆனால் நடுப்பகுதி 80 மி.மீ. கீழே போய்விட்டது என்று வையுங்கள். கோணல் 12 மி.மீ. அருகே வருகிறது. சாய்வு குறைந்தும் வால் வீச்சு கூடியதன் காரணம் இதுதான். விறைத்த பட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு. காலிப் பெட்டி ஏற்றிய நாளில் அது அமுங்கவே அமுங்காது, பாதையின் ஒவ்வொரு அதிர்வையும் சரக்குக்குள் அனுப்பும், பின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரம் திசையையும் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது. அதிர்வும் உராய்வும் ஆகாத சரக்கை ஏற்றும் ஊரில் இதைச் சின்ன விஷயமாக எண்ண என்னால் முடியவில்லை.

கம்பெனியிலிருந்து வரும்போதே சரியாகத்தானே வருகிறது, பட்டை வண்டியில் திருப்பிச் சரிசெய்ய மரையே இல்லையே என்பது அடுத்த தடை. மரை இல்லை என்பது உண்மை. ஆனால் உடைந்த மெயின் பட்டையை மாற்றும்போது, சென்டர் போல்ட் போடும்போது, கண்ணுக்குள் புஷ் அடிக்கும்போது, பட்டையை ஹவுசிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டை இறுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஹவுசிங்கின் இடம் புதிதாகத் தீர்மானமாகிறது. அளந்து செய்தால் அதற்குச் சரிசெய்தல் என்று பெயர், அளக்காமல் செய்தாலும் ஹவுசிங் எங்கோ ஓரிடத்தில் நிற்கத்தான் போகிறது. மண்பாதையில் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போவதில்லையே என்றும் சொல்வார்கள். நனைந்த கரிசலில் டயரின் பிடிப்பு அவ்வளவு குறைவு என்பதால் சின்னக் கோணமே வாலைத் தள்ளப் போதும். அதோடு, அதே வண்டி கொஞ்ச நேரத்தில் விருதுநகரிலோ சாத்தூரிலோ 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிடும். அங்கே வேகம் 20 இல்லை.

இனி வேலைக்கு வருவோம். வண்டியின் பின்பகுதியில் சரக்கோ, சிந்திய வெடிமருந்துத் தூசியோ ஒரு துளியும் இருக்கக்கூடாது. கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, கழுவிக் காயவிட்ட பிறகே பட்டறைக்குள் வண்டி வரவேண்டும். சுத்தியல் இரும்பில் பட்டால் பொறி பறக்கும் வேலை இது. சமதளமான சிமென்ட் தரை வேண்டும். நான்கு டயரிலும் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்குப் பிடியுங்கள். ஒருபக்கம் காற்று குறைந்திருந்தால் அதற்குப் பிறகு அளப்பதெல்லாம் பொய். பிறகு நீங்கள் மாதத்தில் அதிக நாள் ஏற்றும் எடை எதுவோ அதற்குச் சமமாக மணல் மூட்டையை ஏற்றுங்கள், பட்டாசைப் பயன்படுத்தவேண்டாம். எவ்வளவு மூட்டை என்று தெரிய, சரக்கோடு ஒருநாள் எடைமேடைக்குப் போய்ப் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பந்தயக்காரர்கள் ஓட்டுநர் உட்காரும் எடையையும் சேர்த்து வைத்துத்தான் காரை அளப்பார்கள். காலி வண்டியில் எடுத்த அளவு காலி வண்டிக்கு மட்டுமே உண்மை. மூட்டை ஏறியதும் வண்டியை இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் உருட்டுங்கள். டயரின் பிடிமானத்தில் பட்டை சிக்கிக்கொண்டு நிற்கும், உருட்டினால்தான் அதன் சொந்த இடத்துக்கு வரும்.

இப்போது கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றும் சுண்ணக்கட்டியும் போதும். இடப்பக்க முன் கண்ணின் போல்ட் தலை நடுவில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டு ஆடி அடங்கக் காத்திருந்து, அதன் நுனிக்கு நேர்கீழே தரையில் ஒரு புள்ளி. வலப்பக்கமும் அப்படியே. அடுத்து ஹவுசிங்கில் இருபக்கமும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பட்டை உட்காரும் சீட்டின் வெளி விளிம்பு நல்ல இடம். வளைந்துபோன பிரேக் தகட்டையோ, யூ போல்ட் நட்டையோ எடுக்காதீர்கள். அங்கிருந்தும் குண்டு விட்டு இரண்டு புள்ளிகள். வண்டியைத் தள்ளி நகர்த்தினால் தரையில் நான்கு புள்ளிகள் நிற்கும். முன் புள்ளியிலிருந்து பின் புள்ளி வரை இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு. பிறகு குறுக்கே இரண்டு மூலைவிட்டங்கள். பக்க அளவுகள் இரண்டும் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் ஹவுசிங் சதுரமாக உட்கார்ந்திருக்கிறது. பக்க அளவுகள் சமமாக இருந்து மூலைவிட்டங்கள் வேறுபட்டால் ஹவுசிங் கோணலாக இல்லை, மொத்தமாக ஒருபுறம் நகர்ந்திருக்கிறது. புஷ்ஷையும் ஷேக்கிளையும் பாருங்கள். பக்க அளவுகளில் ஒரு நூல், அதாவது மூன்று மி.மீ. வரை வித்தியாசத்தை அளவுப் பிழையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பட்டையைக் கழற்றாமல் விடக்கூடாது. சேஸிஸே வளைந்திருக்கலாமே என்று தோன்றினால், முன் கண் புள்ளிகளிலிருந்து முன் சக்கர அச்சு வரைக்கும் இதே நூலை நீட்டிப் பாருங்கள். அங்கேயே வித்தியாசம் இருந்தால் இது பட்டை வேலை இல்லை, சேஸிஸ் வேலை.

கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும். யூ போல்ட் தளர்ந்து, பிடிப்பு போய், சென்டர் போல்ட் மேல் பாரம் விழுந்து அதன் தலை அறுந்திருக்கும். சென்டர் போல்ட்டின் வேலை இடம் காட்டுவது மட்டும். பிடிப்பது யூ போல்ட். சீட்டில் அந்தத் தலை உட்காரும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது சென்டர் போல்ட் போட்டும் பயனில்லை. சில வண்டிகளின் பட்டையில் சென்டர் போல்ட் துளை நட்டநடுவில் இராது, முன்பகுதி குட்டையாகவும் பின்பகுதி நீளமாகவும் இருக்கும். அதை அவசரத்தில் திருப்பிப் பூட்டினால் அந்தப் பக்க ஹவுசிங் சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். ஒருபக்கப் பட்டை மட்டும் உடைந்தது என்று ஒருபக்கம் மட்டும் புதிதாகப் போடுவதும் கோணலை விலைக்கு வாங்குவதுதான். பழைய பட்டை தளர்ந்து கிடக்கும், புதுப் பட்டை விறைத்து நிற்கும். செலவு கூடினாலும் இருபக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பட்டையைக் காஸ் வெல்டிங்கால் சூடாக்கி வளைப்பதும், ஒடிந்ததை வெல்டு வைத்து ஒட்டுவதும் டெம்பரைக் கெடுத்துவிடும். அந்த இரும்பை மறுபடி நம்பவே முடியாது.

சதுரம் சரியான பிறகு உயரம். மணல் மூட்டை ஏறியிருக்கும்போதே முன் கண்ணின் நடுவிலிருந்து தரைக்கு ஓர் அளவு, மெயின் பட்டையின் நடுப்பகுதியிலிருந்து தரைக்கு ஓர் அளவு எடுத்துக் கழியுங்கள். கிடைக்கும் எண்தான் மேலே கணக்கில் வந்த 80-உம் 20-உம். பூஜ்யத்தை ஒட்டி இருப்பது நல்லது. கம்பெனிப் பட்டை, அதற்குரிய எடையில் பெரும்பாலும் இந்த அளவுக்கு அருகே வந்துவிடும்; வராவிட்டால் யாரோ முன்பே பட்டை சேர்த்திருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். இப்போது சோதனை. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, இடது பின் சக்கரத்துக்கு மூன்று அங்குலக் கனத்தில் பலகை அடுக்கி அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். முன்போலவே குண்டு விடுங்கள். இடப்பக்கம் எவ்வளவு பின்னே போயிற்று, வலப்பக்கம் எவ்வளவு முன்னே வந்தது என்பதைச் சுண்ணப் புள்ளி காட்டிவிடும். பள்ளத்தில் டிரைவர் உணரும் வால் வீச்சு, தரையில் மில்லிமீட்டராக எழுதப்பட்டிருக்கிறது. வலப்பக்கமும் இதைச் செய்து இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் ஒருபக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் போகும் என்ற புகாருக்கு விடை அதுதான். யாரோ சேர்த்த கூடுதல் பட்டை இருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், எண் இறங்கும்.

எடுத்துவிட்டால் பாரம் தாங்காதே என்று கேட்பவருக்கு ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடைதான் பதில். அந்த எடைக்குக் கம்பெனிப் பட்டை தாங்கும். தாங்கவில்லை என்றால் பட்டை தளர்ந்துவிட்டது, அதே அளவில் புதிதாக மாற்றவேண்டும். அல்லது எடை மீறிப்போகிறது. இரண்டாவது காரணத்துக்குப் பட்டறையில் வைத்தியம் இல்லை. வண்டியின் பதிவு விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் சொல்கிறது. வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனால் போதாதா என்பவர்களுக்கு: நான்கு சக்கரத்தையும் அளக்கும் மெஷின் இருக்கும் கடையில் பின் ஹவுசிங்கின் கோணலைச் சொல்லிவிடுவார்கள், நூலைவிடத் துல்லியமாகவே. ஆனால் அது நின்ற இடத்துக் கோணல். பலகைச் சோதனையில் தெரிவது நகரும்போது வரும் கோணல். இரண்டும் வேண்டும்.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு முழுதாக இடம் கொடுக்கவேண்டும். வண்டி கவிழ்வதற்கும் சாய்வதற்கும் பட்டையைவிடச் சரக்கை அடுக்கும் முறைதான் பெரிய காரணம். கனமான பெட்டியை மேலே வைத்து, லேசானதைக் கீழே வைத்துக் கயிறு தளரக் கட்டினால் எத்தனை நூல் பிடித்தும் பயனில்லை. கனம் கீழே, பின் அச்சுக்குச் சற்று முன்னே, இடவலம் சமமாக என்று அடுக்கிவிட்டு அதன்பிறகும் சாய்ந்தால் மட்டுமே பட்டையைப் பார்க்க வாருங்கள்.

கடைசியில் இறுக்கும் வேலை. ரப்பர் புஷ் உள்ள வண்டியில் கண் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், சக்கரம் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். மூட்டையோடு தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். யூ போல்ட்டின் நான்கு நட்டுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக, கம்பெனி சொன்ன டார்க் அளவுக்கு. பழைய யூ போல்ட் நீண்டிருக்கும், அதைத் திரும்பப் போடவேண்டாம். லோடு ஏறியும் இறங்கியும் இருக்கும்போது ஷேக்கிளைப் பாருங்கள்: எந்த நிலையிலும் அது சேஸிஸில் முட்டிப் பூட்டிக்கொள்ளக் கூடாது, முன்னும் பின்னும் ஆட இடம் இருக்கவேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டின் மேலிருந்து பிளேட் வரை வெள்ளை பெயிண்டால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். முதல் லோடு இறக்கித் திரும்பியதும், பிறகு சில நூறு கி.மீ. ஓடியதும் வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் மறுபடி டார்க் வைத்து இறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு இழுத்து, இரண்டு பக்க அளவையும் ஒருமுறை நூல் விட்டுச் சரிபாருங்கள்.